ப்ராஜெக்ட்டோட பேரும் லோகோவும் யாருக்குச் சொந்தம், ஒப்பந்தத்துல என்ன எழுதணும்?

கேள்விய முதல்ல சுருக்கி சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கு. மூணு அமைப்புங்க சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறாங்க, ஒரு ஃபண்டர் பணம் தர்றாங்க, லோகோவ ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனர் வரையறாங்க, வெப்சைட்டும் ஆப்பும் ஒரு ஏஜென்சி கையில. ஒப்பந்தத்துல "திட்டத்தின் பெயரும் அடையாளமும் திட்டத்துக்கே சொந்தம்"னு ஒரு வரி இருக்கு. இது போதுமா, இன்னும் என்ன சேக்கணும்னு கேட்டிருக்கீங்க.

போதாது. அந்த வரி இல்லாம இருந்தா கூட யாராவது ஒருத்தர் "பேரு யாருதுங்க?"னு கேட்டிருப்பாங்க, அது இருக்கிறதால எல்லாரும் விஷயம் முடிஞ்சுதுன்னு நம்பிட்டு அடுத்த பக்கத்துக்கு போயிடறாங்க, ஆபத்து அங்க தான் இருக்கு. ஏன்னா ப்ராஜெக்ட்ங்கறது சட்டத்தோட கண்ணுல ஒரு ஆளே கிடையாது. கம்பெனி ஒரு ஆள், பதிவு பண்ண சங்கம் ஒரு ஆள், நீங்க ஒரு ஆள். ப்ராஜெக்ட் வந்து சிலர் சேந்து செய்யற வேலைக்கு வெச்ச பேரு, அவ்வளவு தான். அதுக்கு ஒரு சொத்த வெச்சுக்கவும் முடியாது, கேஸ் போடவும் முடியாது, ட்ரேட்மார்க் விண்ணப்பத்துல கையெழுத்து போடவும் முடியாது. அதனால நாளைக்கு மனஸ்தாபம் வந்துச்சுன்னா அந்த வரிய யாரும் பாக்க மாட்டாங்க, பேர யார் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, டொமைன் யார் பேர்ல இருக்கு, லோகோவ வரைஞ்சவங்க உரிமைய யாருக்கு எழுதிக் குடுத்தாங்க, இத தான் பாப்பாங்க.

கற்பனையா பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க, கிட்டீ (கோட் வெக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்) விஷயத்துல 2022ல நடந்தது இதே தான். அந்த டொமைனும் ட்ரேட்மார்க்கும் சமூகத்தோடதுன்னு பங்களிச்சவங்க நம்பிட்டிருந்தாங்க, அந்த வருஷம் அக்டோபர்ல அதெல்லாம் லாப நோக்கமுள்ள ஒரு கம்பெனி பேருக்கு போயிருக்குன்னு அறிவிப்பு வந்தப்ப தான் பல பேருக்கு விஷயமே தெரிஞ்சுது. பகிரங்க கடிதம் எழுதிப் பாத்தாங்க, ஒத்துவரல, டிசம்பர்ல ஒரு பகுதி ஆளுங்க ஃபோர்ஜெஜோன்னு வேற பேர்ல தனியா போயிட்டாங்க. கோட் ஓப்பன் சோர்ஸ், அத யார் வேணா எடுத்துட்டு போலாம். பேர மட்டும் எடுத்துட்டு போக முடியல. எத்தனையோ வருஷ உழைப்புல வந்த நல்ல பேரு அந்த பேர்லயே ஒட்டிட்டு நின்னுடுச்சு.

அதனால நீங்க முதல்ல முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு: பேர வெச்சிருக்கப் போற ஆள் யாரு. ஒரு ஆள், பதிவு எண்ணோட, முகவரியோட, ஒப்பந்தத்துல எழுதின ஆள். மூணு வழி இருக்கு. ஒண்ணு, மூணு அமைப்புல ஒண்ணு வெச்சுக்கறது, மத்த ரெண்டுக்கும் லைசென்ஸ் குடுக்கறது. ரெண்டாவது, மூணு பேரும் கூட்டா வெச்சுக்கறது. மூணாவது, இதுக்காகவே ஒரு பொது அமைப்பு, அதாவது ஃபவுண்டேஷன், சங்கம் மாதிரி ஒண்ண ஏற்படுத்தி அதுகிட்ட குடுக்கறது.

கூட்டு உரிமை கேக்க நியாயமா இருக்கும், அதனால தான் எல்லாரும் அங்க போய் விழறாங்க. நான் அத வேண்டாம்னு தான் சொல்லுவேன். ட்ரேட்மார்க்கோட வேலையே "இந்த பேரு பாத்தா இந்த ஒரு இடத்துல இருந்து வந்தது"ன்னு மக்களுக்கு சொல்றது. ரெண்டு பேரு பிரிஞ்சு ஆளுக்கொரு திசைல போயி ரெண்டு பேரும் அதே பேர போட்டாங்கன்னா அந்த பேரு எதையும் சொல்லாது, அது செத்துப் போச்சு. அதோட கூட்டு உரிமைல ஒருத்தர் சம்மதம் இல்லாம இன்னொருத்தர் லைசென்ஸ் குடுக்கலாமா, கேஸ் போடலாமாங்கறது நாட்டுக்கு நாடு மாறும், நீங்க ஒப்பந்தத்துல எழுதாம விட்டா அந்தந்த நாட்டு சட்டம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கும். சின்ன ப்ராஜெக்ட்டுக்கு முதல் வழி போதும், ஆனா அந்த ஒரு அமைப்ப கட்டிப்போடற நிபந்தனைங்க வேணும் (கீழ வர்றேன்). பல வருஷம் ஓடப்போற, நெறைய பேர் வந்து சேரப்போற ப்ராஜெக்ட்னா மூணாவது வழி தான் நல்லது. வேர்ட்பிரஸ்ங்கற வெப்சைட் செய்யற மென்பொருளோட பேரோட ட்ரேட்மார்க்க 2010ல ஆட்டோமேட்டிக் கம்பெனி வேர்ட்பிரஸ் ஃபவுண்டேஷனுக்கு மாத்திக் குடுத்தது இந்த யோசனைல தான். ஆனா அங்கயும் வணிக உபயோகத்துக்கான லைசென்ஸ் கம்பெனி கிட்டயே இருந்துச்சு, அதனால ஃபவுண்டேஷன்னு ஒரு பேரு போட்டாலே எல்லாம் சரியாயிடும்னு நெனச்சுடாதீங்க, அந்த ஃபவுண்டேஷன் யாருக்கு என்ன லைசென்ஸ் குடுத்திருக்குன்னும் பாக்கணும்.

அடுத்தது "அடையாளம்"னா என்னென்னன்னு வரையறுக்கறது. பெரும்பாலான ஒப்பந்தத்துல "பிராண்ட்"னு போட்டுட்டு போயிடுவாங்க, பிராண்ட்னா எது வரைக்கும்னு எங்கயும் இருக்காது. "எல்லா அறிவுசார் சொத்தும்"னு பொத்தாம்பொதுவா ஒரு கிளாஸ் (ஒப்பந்த ஷரத்து) இருந்தாலும் அதுல டொமைனும் சோஷியல் மீடியா அக்கவுண்டும் அடங்குமான்னு வாதாட இடம் இருக்கு. நான் என்ன சொல்வேன்னா ஒப்பந்தத்தோட உடம்புல ஒரு சின்ன வரையறை, கடைசில ஒரு இணைப்பு. வரையறை இந்த மாதிரி: "திட்ட அடையாளம் என்பது இணைப்பு 1இல் உள்ள பெயர்கள், சின்னங்கள், இணையப் பெயர்கள், கணக்குகள் ஆகியவற்றையும், ஒப்பந்தக் காலத்தில் திட்டத்துக்காக உருவாக்கப்படும் அதுபோன்ற மற்றவற்றையும் குறிக்கும்." அந்த பின்பாதி ரொம்ப முக்கியம், ஏன்னா ஆறு மாசம் கழிச்சு யாராவது ஒரு யூட்யூப் சேனல் ஆரம்பிப்பாங்க, அது இணைப்புல இருக்காது.

இணைப்புல என்ன வரணும்னா, பேரு எல்லா எழுத்துலயும் எல்லா ஸ்பெல்லிங்லயும், சுருக்கப் பேரு இருந்தா அதுவும், லோகோவோட ஃபைலும் வெர்ஷன் எண்ணும், கலர் கோடு, எந்த ஃபாண்ட், டேக்லைன், டொமைன் ஒவ்வொண்ணும், ஈமெயில் அக்கவுண்ட், சோஷியல் மீடியா ஹேண்டில், ஆப் ஸ்டோர்ல இருக்கிற பேரு, கோட் ரெபாசிட்டரி (கோட் வெக்கிற இடம்), பேக்கேஜ் பேரு (ஆப்ப அடையாளம் காண வெக்கிற உள் பேரு). ஒவ்வொண்ணுக்கும் நேரா மூணு விஷயம் எழுதணும்: பதிவு யார் பேர்ல, பாஸ்வேர்டும் ரெண்டாவது கட்ட சரிபார்ப்பும் யார் கையில, புதுப்பிக்கிற பணம் யார் கட்டறது. இது வக்கீல் வேலை மாதிரியே தெரியாது, குமாஸ்தா வேலை மாதிரி தான் தெரியும், ஆனா உண்மையான சண்டைங்கள்ல நெறைய இந்த அட்டவணை இல்லாததால வர்றது தான்.

டொமைன் விஷயத்த தனியா சொல்லணும். பணம் கட்டினவங்களுக்கு டொமைன் சொந்தம் இல்ல, பதிவுல ரெஜிஸ்ட்ரன்ட்னு யார் பேரு இருக்கோ அவங்க தான் அதுக்கு உரிமையாளர் மாதிரி. ஏஜென்சி வெப்சைட் செய்யும்போது அவங்க அக்கவுண்ட்லயே அவங்க பேர்லயே டொமைன வாங்கிப் போட்டுடுவாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, சுலபமா இருக்கேன்னு. அப்புறம் ஏஜென்சியோட பில்லுல தகராறு வரும், டொமைன் அங்க மாட்டிக்கும். அதனால "டொமைன் முதல் நாளிலிருந்தே உரிமையாளர் பெயரில் பதிவு செய்யப்படும், ஏஜென்சிக்கு நிர்வாக அனுமதி மட்டும்"னு ஏஜென்சி ஒப்பந்தத்துல எழுதணும், பார்ட்னர் ஒப்பந்தத்துல மட்டும் எழுதினா ஏஜென்சிய அது கட்டுப்படுத்தாது. பின்னாடி மாத்திக்கலாம்னு விட்டா பதிவுதாரர் பேர மாத்தினதும் சில சமயம் 60 நாள் வேற ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதிவு பண்ற கம்பெனி) மாத்த முடியாம பூட்டு விழும், அந்த அவசரத்துல அது பெரிய தொந்தரவு.

ஆப்பும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு ஆப்புக்கு ப்ளே ஸ்டோர்ல குடுக்கிற பேக்கேஜ் பேர ஒருதடவ வெளியிட்டா மாத்தவே முடியாது. ஏஜென்சி தன்னோட டொமைன் பேர முன்னால போட்டு அந்த பேக்கேஜுக்கு பேரு வெச்சிருச்சுன்னா அந்த ஆப் இருக்கிற வரைக்கும் அவங்க பேரு உள்ள இருக்கும், அத மாத்தணும்னா புது ஆப்பா போடணும், டவுன்லோடு ரிவ்யூ எல்லாம் பூஜ்யத்துல இருந்து. ஆப்ப ஒரு டெவலப்பர் அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த வழி இருக்கு, பேக்கேஜ் பேர மாத்த வழி இல்ல. ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதியிருந்தா தடுத்திருக்கலாம்.

சோஷியல் மீடியா அக்கவுண்ட்ட "விக்கறது", "உரிமை மாத்தறது" பல தளங்களோட விதிமுறைலயே கூடாதுன்னு இருக்கும். அதனால "கணக்கின் உரிமை மாற்றப்படும்"னு எழுதறத விட "நிர்வாக அணுகல், மீட்பு மின்னஞ்சல், மீட்பு தொலைபேசி எண் எல்லாம் இத்தனை நாளுக்குள் ஒப்படைக்கப்படும், ஒப்படைப்பவர் தன் அணுகலை நீக்கிக்கொள்வார்"னு செயலா எழுதுங்க. ஊழியரோட சொந்த நம்பர்ல ஆரம்பிச்ச பேஜா இருந்தா இப்பவே மாத்துங்க, இதுக்கு ஒப்பந்தம் வரைக்கும் காத்திருக்காதீங்க.

இப்ப டிசைனர். நீங்க பணம் குடுத்துட்டீங்க, லோகோ வந்துருச்சு, அதனால அது உங்களதுன்னு நெனைக்கிறது இயல்பு. ஆனா பல நாட்டு சட்டத்துல வெளிய இருந்து வரைஞ்சு குடுத்தவங்களுக்கு தான் முதல் காப்பிரைட், எழுத்துல மாத்திக் குடுத்தா தான் உங்களுக்கு வரும். அமெரிக்கால "வொர்க் ஃபார் ஹயர்"னு (வேலை குடுத்தவங்களுக்கே காப்பிரைட்ங்கற ஏற்பாடு) ஒரு வார்த்தைய போட்டா போதும்னு நெனைப்பாங்க, வெளியாளுக்கு அது சட்டத்துல சொல்லியிருக்கிற 9 வகை வேலைக்கு தான் பொருந்தும், ஒரு தனி லோகோ பொதுவா அதுல வராது, அதனால அங்கயும் கையெழுத்து போட்ட அசைன்மென்ட் (உரிமைய மாத்திக் குடுக்கற பத்திரம்) வேணும். இந்தியாவோட 1957 காப்பிரைட் சட்டத்துல 19ஆவது பிரிவு இன்னும் கூர்மை: அசைன்மென்ட்ல காலம் எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துப்பாங்க, எந்தெந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துப்பாங்க. யோசிச்சு பாருங்க, "லோகோவின் உரிமையை மாற்றித் தருகிறேன்"னு ஒரே வரில எழுதி வாங்கி வெச்சுட்டு நிம்மதியா இருக்கிற அமைப்பு ஆறாவது வருஷம் தன்னோட லோகோவுக்கே உரிமை இல்லாம நிக்கும். "பதிப்புரிமைக் காலம் முழுவதுக்கும், உலகம் முழுவதுக்கும்"னு நாலு வார்த்தை சேத்தா முடிஞ்சுது.

டிசைனர் ஒப்பந்தத்துலயே இன்னும் சிலத கேளுங்க. எடிட் பண்ணக்கூடிய மூல ஃபைல் வேணும், வெறும் படம் போதாது. லோகோல இருக்கிற ஃபாண்ட்டோட லைசென்ஸ் யாரு வாங்கினது, வெப்சைட்டுக்கும் ஆப்புக்கும் அது செல்லுமா (டெஸ்க்டாப்புக்கு வாங்கின லைசென்ஸ் ஆப்புக்கு செல்லாதுன்னு நெறைய ஃபாண்ட் லைசென்ஸ்ல இருக்கு). ஸ்டாக் தளத்துல இருந்து எடுத்த ஐகான லோகோவா போட்டிருக்காங்களா, ஏன்னா பல ஸ்டாக் லைசென்ஸ்ல லோகோவாவோ ட்ரேட்மார்க்காவோ பயன்படுத்தக் கூடாதுன்னே எழுதியிருக்கும், அதே ஐகான இன்னும் ஆயிரம் பேரு எடுக்க முடியும். "இது என் சொந்தப் படைப்பு, மற்றவர் உரிமையை மீறவில்லை"ன்னு டிசைனர் உறுதி குடுக்கணும். அதுக்கு பதிலா நீங்க நியாயமா ஒண்ணு குடுங்க, அவங்க போர்ட்ஃபோலியோல அந்த வேலைய காட்டிக்கிற அனுமதி. கேட்டா குடுக்கலாம்னு வெக்காதீங்க, முதல்லயே எழுதிக் குடுங்க, உழைச்சவங்களுக்கு அது உரியது.

பேர தேர்ந்தெடுக்கும்போதே தேடிப் பாத்தாச்சான்னு கேக்கணும். ட்ரேட்மார்க் பதிவ பெரும்பாலான நாடுகள்ல நீஸ் வகைப்பாடுன்னு 45 வகுப்பா பிரிச்சிருக்கு, 34 பொருளுக்கு, 11 சேவைக்கு. உங்க ப்ராஜெக்ட் எந்த வகுப்புல வருதோ அதுல, எந்தெந்த நாட்டுல வேலையோ அந்தந்த நாட்டுல தேடணும். தேடற பொறுப்பு யாருது, பேரு மாத்த வேண்டி வந்தா அந்த செலவு யாருது, இத இப்பவே எழுதுங்க. இன்னொண்ணு, பதிவு ஆகறதுக்கு முன்னாடி வட்டத்துக்குள்ள ஆர் போடற குறிய போடாதீங்க, இந்தியா, பிரிட்டன் உட்பட பல நாட்டுல பதிவாகாத பேர பதிவானதுன்னு காட்டறது குற்றம். டிஎம்னு போட்டுக்கலாம்.

பதிவே பண்ணாம விட்டா என்னாகும்னா, லினக்ஸுக்கு (ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) ஆனது ஆகும். 1994ல அமெரிக்கால அந்த பேருக்கு சம்பந்தமே இல்லாத ஒருத்தர் அத தன் பேர்ல ட்ரேட்மார்க் விண்ணப்பிச்சு வாங்கிட்டாரு, அப்புறம் கேஸ் போட்டு சமரசம் ஆகி 1997ல தான் அத உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் பேருக்கு மாறுச்சு. வெளியாள் மட்டும் தான் இப்படி பண்ணுவாங்கன்னும் இல்ல. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பேர ஸ்பெயின்ல இருக்கிற ஒரு அமைப்பு தனியா ஐரோப்பாலயும் அமெரிக்காலயும் பதிவு பண்ண விண்ணப்பிச்சிருக்குன்னு அந்த ப்ராஜெக்ட்டோட மையக்குழு 2021 செப்டம்பர்ல வெளிப்படையா சொல்ல வேண்டி வந்துச்சு, அந்த அமைப்பும் அதே டேட்டாபேஸ சுத்தி இயங்கினது தான். அதனால பார்ட்னர் ஒப்பந்தத்துல இந்த கிளாஸ் கட்டாயம் வேணும்: "திட்டப் பெயரையோ அதைப்போல் குழப்பம் தரும் பெயரையோ எந்த நாட்டிலும், ட்ரேட்மார்க்காகவோ டொமைனாகவோ நிறுவனப் பெயராகவோ எந்தத் தரப்பும் தன் பெயரில் பதிவு செய்யாது. செய்திருந்தால் கேட்டவுடன் உரிமையாளருக்கு மாற்றித் தரும்." கூடவே "பயன்பாட்டால் சேரும் நற்பெயர் உரிமையாளரையே சேரும்"னு ஒரு வரி. இது இல்லன்னா ஒரு பார்ட்னர் அவங்க ஊர்ல அவங்க தான் அந்த பேர வளத்தாங்க, அங்க அது அவங்களதுன்னு வாதாடலாம்.

உரிமையாளர் ஒருத்தர்னு ஆனதும் மத்தவங்க பயன்படுத்தறதுக்கு லைசென்ஸ் வேணும், இங்க தான் நல்ல மனசுக்காரங்க ஏமாந்து போறாங்க. "எல்லாரும் தாராளமா பயன்படுத்துங்க"ன்னு விட்டுடறது பெருந்தன்மை மாதிரி தெரியும், ஆனா தரத்த கவனிக்காம பேர விட்டுக் குடுத்தா பேரே கைய விட்டு போயிடும். ஃப்ரீசைக்கிள்னு அமெரிக்கால 2003ல ஆரம்பிச்ச இயக்கம், வேண்டாத பொருள தூக்கிப் போடாம இன்னொருத்தருக்கு இலவசமா குடுக்கறது. ஊர் ஊரா குழுக்கள் அந்த பேரையும் லோகோவையும் போட்டுக்கிச்சு. ஒரு குழுவோட சண்டை வந்து கோர்ட்டுக்கு போனப்ப 2010ல அமெரிக்காவோட ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு கோர்ட்டு மூணு விஷயத்த பாத்துச்சு: தரத்த கட்டுப்படுத்தற உரிமை ஒப்பந்தத்துல இருந்துச்சா, நிஜமாவே கட்டுப்படுத்தினாங்களா, அந்த குழு தானாவே தரத்த காப்பாத்தும்னு நம்ப நியாயமான காரணம் இருந்துச்சா. எதுக்கும் இல்லன்னு தான் பதில். அந்த குழு விஷயத்துல ட்ரேட்மார்க்க கைவிட்டதா தீர்ப்பாச்சு. "வணிகத்துக்கு பயன்படுத்தாதீங்க"ன்னு ஒரு ஈமெயில்ல சொன்னது போதாதுன்னுட்டாங்க. நல்ல நோக்கம், நல்ல ஆளுங்க, எதுவும் காப்பாத்தல.

அதனால லைசென்ஸ் கிளாஸ்ல யாரு, எதுக்கு, எங்க, எவ்வளவு நாள், மூணாவது ஆளுக்கு மறுபடி குடுக்கலாமா, எந்த வழிகாட்டி கையேட்ட பின்பற்றணும், உரிமையாளர் சாம்பிள் கேட்டா காட்டணுமா, தப்பா பயன்படுத்தினா சரி பண்ண எத்தனை நாள், இதெல்லாம் வரணும். எழுதினா மட்டும் பத்தாது, கடைப்பிடிக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவ எல்லா பார்ட்னரும் பேர எப்படி போட்டிருக்காங்கன்னு பாத்து ஒரு குறிப்பு எழுதி ஃபைல்ல வெச்சீங்கன்னா அதுவே பின்னாடி பெரிய ஆதாரம்.

கோடும் சேர்ந்த ப்ராஜெக்ட்னா இன்னொரு குழப்பம் வரும், ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் குடுத்துட்டோம், அதுலயே பேரும் போயிடுச்சான்னு. போகாது. பரவலா பயன்படற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸான அப்பாச்சி 2.0 லைசென்ஸோட 6ஆவது பிரிவு ட்ரேட்மார்க் உரிமை தரலன்னு வெளிப்படையா சொல்லுது, எங்கிருந்து வந்ததுன்னு சொல்றதுக்கு மட்டும் பேர சொல்லிக்கலாம். ஆனா இது தெரியாம இருக்கிறவங்களுக்காக தனியா ஒரு சின்ன பேர் கொள்கை எழுதி வெளியிடணும், எது கேக்காமலே பண்ணலாம், எதுக்கு கேக்கணும்னு. ரொம்ப இறுக்கினாலும் பிரச்சனை தான், ஃபயர்ஃபாக்ஸ் பேரையும் லோகோவையும் எப்படி போடணுங்கற மொஸில்லாவோட (அந்த பிரவுசர செய்யறவங்க) நிபந்தனைக்கு டெபியன் (லினக்ஸ தொகுத்து குடுக்கற ப்ராஜெக்ட்) ஒத்துக்க முடியாம 2006ல அதே பிரவுசர ஐஸ்வீசல்னு பேரு மாத்தி குடுத்தாங்க, திரும்ப ஃபயர்ஃபாக்ஸ்னு வர்றதுக்கு 2016 ஆச்சு.

ஃபண்டர் விஷயத்துக்கு வர்றேன். இங்க நீங்க பேரம் பேசற இடம் குறைவு, அதனால ஃபண்டரோட ஒப்பந்தத்த முதல்ல படிச்சுட்டு அப்புறம் பார்ட்னர் ஒப்பந்தத்த எழுதுங்க, தலைகீழா பண்ணா ரெண்டும் மோதும். உதாரணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட ஹொரைசன் யூரோப்ங்கற ஆராய்ச்சி நிதித் திட்டத்தோட ஒப்பந்தத்துல 17ஆவது பிரிவு இதுக்குன்னே இருக்கு: ஒன்றியத்தோட கொடியையும் நிதி தந்தாங்கங்கற வாசகத்தையும் போடணும், மத்த லோகோவோட சேர்த்து போட்டா அந்த கொடி குறைஞ்சபட்சம் அதே அளவு எடுப்பா தெரியணும், சொல்ற கருத்து எங்களது மட்டும்ங்கற பொறுப்புத் துறப்பும் வரணும். மீறினா நிதிய குறைக்க அவங்களுக்கு உரிமை உண்டு. அந்த வகை ப்ராஜெக்ட்டுங்க தங்களுக்குள்ள போடற பார்ட்னர் ஒப்பந்தத்துக்கு வார்ப்பா எடுத்துக்கற டெஸ்காங்கற ஒப்பந்த வடிவத்துல எழுத்து மூலம் முன் அனுமதி இல்லாம ஒரு தரப்போட பேரையோ லோகோவையோ விளம்பரத்துக்கு இன்னொரு தரப்பு போடக் கூடாதுன்னும் இருக்கு. இத உங்க ஒப்பந்தத்துலயும் சேருங்க, ப்ராஜெக்ட்டோட பேரு வேற, பார்ட்னரோட சொந்த பேரு வேற. ஒருத்தர் ப்ராஜெக்ட்ல சேந்ததால அவங்க லோகோவ நீங்க எங்க வேணா ஒட்டலாம்னு ஆகாது, ஃபண்டருக்கும் இது பொருந்தும், நிதி குடுத்ததால ப்ராஜெக்ட்டோட பேரு அவங்களதும் ஆகாது. இத வாய்ச்சொல்லா விடாம எழுதுங்க.

லோகோங்களோட வரிசை, அளவு, "இவர்கள் நிதியில்", "இவர்கள் முன்னெடுப்பில்", "இவர்களுடன் இணைந்து" மாதிரி வாசகம், இதெல்லாம் ஒரு பக்கத்துல படமா வரைஞ்சு இணைப்பா போட்டுடுங்க. பேனர் அடிக்கிற அன்னிக்கு ராத்திரி எந்த லோகோ முதல்லன்னு சண்டை போடறத விட இது எவ்வளவோ மேல்.

நிர்வாகம்னு பாத்தா ரெண்டு தான் எனக்கு முக்கியமா படும். அனுமதிக்கு ஒரு ஆளும் ஒரு கெடுவும் வேணும். "முன் அனுமதி தேவை"ன்னு மட்டும் எழுதினா அனுமதி கேட்ட ஈமெயில் யாரோட இன்பாக்ஸ்லயோ தூங்கும். அஞ்சு வேலை நாள்ல பதில் வரலன்னா என்ன ஆகும்னு எழுதுங்க. சாதாரண போஸ்டருக்கு பதில் வராட்டி சம்மதம்னு எடுத்துக்கலாம், பத்திரிகை அறிக்கைக்கும் புது பார்ட்னர் லோகோவுக்கும் பதில் வராட்டி சம்மதம் இல்லன்னு எடுத்துக்கணும், நான் அப்படித்தான் பிரிப்பேன். அடுத்தது கையேடு. "அவ்வப்போது திருத்தப்படும் கையேடு"ன்னு போட்டா உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு திருத்தி மத்தவங்க செலவுல எல்லாத்தையும் மறுபடி அடிக்க வெக்கலாம். திருத்தினா முன்னறிவிப்பு, ஏற்கனவே அடிச்சத தீர்க்க ஒரு காலம், பேரையோ முக்கிய லோகோவையோ மாத்தணும்னா எல்லா தரப்போட சம்மதம், இப்படி வரம்பு போடுங்க.

இனி பிரிவு. ஒப்பந்தம் எழுதற அன்னிக்கு எல்லாரும் சிரிச்சுட்டு இருப்பாங்க, பிரியறத பத்தி பேச யாருக்கும் மனசு வராது, ஆனா அத நல்லபடியா பேச முடியற ஒரே நாள் அன்னிக்கு தான். ஒரு பார்ட்னர் வெளிய போனா எத்தனை நாளுக்குள்ள பேர எடுக்கணும், "இந்தத் திட்டத்தில் இந்த ஆண்டு வரை பங்கேற்றோம்"னு உண்மைய சொல்லிக்கிற உரிமை அவங்களுக்கு உண்டா (கட்டாயம் குடுங்க), பழைய அச்சுப் பிரதிங்க என்ன ஆகும். அதவிட பெரிய கேள்வி, உரிமையாளரே வெளிய போனா, கலைஞ்சு போனா, இன்னொரு கம்பெனி அத வாங்கிட்டா?

கடைசியா சொன்னது தான் பல ப்ராஜெக்ட்ட உடைச்சிருக்கு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனிய 2010ல ஆரக்கிள் கம்பெனி வாங்கினப்ப ஓப்பன் ஆஃபீஸ் (அலுவலக வேலைக்கான மென்பொருள்) பேரும் ஹட்சன் (மென்பொருள் செய்யறவங்களுக்கான கருவி) பேரும் அதோட போச்சு. ஓப்பன் ஆஃபீஸ் ஆளுங்க 2010 செப்டம்பர்ல டாக்குமென்ட் ஃபவுண்டேஷன ஆரம்பிச்சு, பழைய பேர எங்களுக்கு குடுங்கன்னு ஆரக்கிள் கிட்ட கேட்டுட்டு, அது வர்ற வரைக்கும்னு லிப்ரே ஆஃபீஸ்னு பேரு வெச்சாங்க. பழைய பேரு வரவே இல்ல, 2011ல ஆரக்கிள் அத அப்பாச்சி ஃபவுண்டேஷனுக்கு குடுத்துருச்சு. ஹட்சன் ஆளுங்களும் பேரு ஆரக்கிளோடதுங்கற தகராறுல 2011 ஜனவரில ஓட்டு போட்டு ஜென்கின்ஸ்னு மாத்திக்கிட்டாங்க. ரெண்டும் நல்லா பிழைச்சுக்கிச்சு, ஏன்னா அங்க பெரிய கூட்டம் இருந்துச்சு, எல்லாரும் ஒண்ணா நகர்ந்தாங்க. உங்க மூணு அமைப்பு ப்ராஜெக்ட்டுக்கு அப்படி ஒரு கூட்டம் இருக்காது, பேரு போனா படிக்கிறவங்களும் பயனாளிங்களும் உங்கள கண்டுபிடிக்கவே சிரமப்படுவாங்க.

அதனால உரிமையாளர கட்டற நிபந்தனைங்க: மத்தவங்க சம்மதம் இல்லாம பேர விக்கவோ அடமானம் வெக்கவோ கூடாது, உரிமையாளர் கலைஞ்சாலோ, கை மாறினாலோ, ப்ராஜெக்ட்ட விட்டு விலகினாலோ, மீதி இருக்கிறவங்க சொல்ற அமைப்புக்கு பெயரளவு தொகைக்கு மாத்திக் குடுக்கணும், பதிவ புதுப்பிக்க தவறினா மத்தவங்க அவங்க சார்புல புதுப்பிக்கலாம். திவால்ல இந்த நிபந்தனை எவ்வளவு தூரம் நிக்கும்ங்கறது நாட்டு சட்டத்த பொறுத்தது, இந்த ஒரு இடத்துக்காவது உங்க நாட்டு ட்ரேட்மார்க் வக்கீல கேட்டுக்கோங்க. இந்த கிளாஸ்ங்க "ஒப்பந்தம் முடிந்த பின்னும் நீடிக்கும்"ங்கற பட்டியல்ல இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா பிரியற அன்னிக்கே அதுவும் முடிஞ்சுடும்.

ஏற்கனவே கையெழுத்து போட்டாச்சு, அந்த ஒரு வரி தான் இருக்குன்னு சொல்றீங்கன்னா பயப்படாதீங்க, முழு ஒப்பந்தத்தையும் திறக்க வேண்டியதில்ல. ஒரு திருத்த ஒப்பந்தம், மூணு பேரும் கையெழுத்து போட்டு, "திட்டத்துக்கே சொந்தம் என்பது இன்னார் எல்லோர் சார்பிலும் வைத்திருக்கிறார் என்று பொருள்படும்"னு ஆரம்பிச்சு இணைப்ப சேர்த்தா போதும். டிசைனர் கிட்ட தனியா அசைன்மென்ட் கேளுங்க, வேலை முடிஞ்சு ரொம்ப நாள் ஆகறதுக்குள்ள கேட்டா பொதுவா சந்தோஷமா போட்டுக் குடுப்பாங்க. ஏஜென்சி கிட்ட கடைசி தவணை பணம் இன்னும் பாக்கி இருந்தா டொமைன், ஆப் அக்கவுண்ட் ஒப்படைப்ப அந்த தவணையோட சேர்த்து கேளுங்க. ஃபண்டருக்கு இந்த மாற்றத்த எழுத்துல தெரியப்படுத்துங்க, அவங்க ஒப்பந்தத்துல பெரும்பாலும் அப்படி ஒரு கடமை இருக்கும். இதுல எத முதல்ல பண்றதுன்னா டொமைன தான், அதோட புதுப்பிக்கிற தேதி என்னிக்குன்னு இன்னிக்கே பாத்துடுங்க.